கத்திரி வெயிலில் காரில் என்ன பாட்டு?

மே மாதம் வந்துவிட்டால் நம் நெடுஞ்சாலைகளில் குடும்பக் கார்கள் கூடிவிடும். பள்ளி விடுமுறை, குலதெய்வக் கோயில் கொடை, வைகாசி முகூர்த்தங்கள், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான் வந்து சேரும். டயரில் காற்று, ஏசியில் கேஸ், ஃபாஸ்டேகில் பணம், குளிர்ந்த தண்ணீர், குழந்தைக்கு வாந்தி மாத்திரை என்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். பாட்டை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. வண்டி நகர்ந்த பிறகு யாராவது போனை எடுத்து, பயணப் பாட்டு என்று தேடி, முதலில் வந்து நிற்கும் பட்டியலைத் தட்டிவிடுவார்கள். அடுத்த ஆறேழு மணி நேரம் ஓட்டுபவரின் காதில் என்ன விழ வேண்டும் என்பதை யாரென்றே தெரியாத ஒரு பட்டியல் முடிவு செய்கிறது. இதைச் சாதாரண விஷயம் என்று நான் நினைக்கவில்லை. கோடைப் பயணத்தில் பாட்டை உற்சாகத்துக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும், வெயில் ஓட்டுபவரிடமிருந்து ஏற்கெனவே பறித்துக்கொள்ளும் கவனத்தை மேலும் கரைக்காத பாட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதும்தான் இந்தப் பதிவின் வாதம். இதில் ரசனைக்கு எதிரான பேச்சு எதுவும் இல்லை. நல்ல ரசிகர்களுக்குத்தான் இது சுலபமாகக் கைவரும்.

முதலில் வெயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1996இல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. ஓட்டுநர்களை நிஜமான சாலையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டச் சொன்னார்கள். சிலருக்கு காரின் உள்ளே 21 டிகிரி, சிலருக்கு 27 டிகிரி. ஓட்டும்போது நடுநடுவே வரும் சின்னச் சின்ன எச்சரிக்கைக் குறிகளைக் கவனித்துப் பதில் தர வேண்டும். 27 டிகிரியில் ஓட்டியவர்கள் தவறவிட்ட குறிகள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. பதில் தர எடுத்துக்கொண்ட நேரம் 22 சதவீதம் கூடுதல். 27 டிகிரியை நாம் வெயில் என்றே சொல்ல மாட்டோம். வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் 40ஐத் தாண்டும் நாட்களில், ஏசி ஓடினாலும் கண்ணாடி வழியாக வெயில் தொடையிலும் முன்கையிலும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் போய்விடுகிறது. பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுப்பவருக்கு 22 சதவீதம் கூடினால், வண்டி இன்னும் ஆறு மீட்டர் முன்னால் போன பிறகுதான் கால் பிரேக்கைத் தொடும். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். உடம்பு சோர்ந்ததாகத் தெரியாமலேயே நடக்கிற இழப்பு இது.

வெயில் எடுத்துக்கொள்ளும் இன்னொன்று பொறுமை. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில், ஒரு சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகராமல் நிறுத்தி வைத்தார்கள். பின்னால் வருபவர்கள் எவ்வளவு ஹாரன் அடிக்கிறார்கள் என்பதைக் குறித்தார்கள். வெப்பநிலை ஏற ஏற ஹாரனும் ஏறியது. கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலை நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சித்திரை மாத மதியத்தில் டோல்கேட் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆக, கோடையில் ஓட்டுபவர் இரண்டு விஷயங்களில் குறைவோடுதான் உட்கார்ந்திருக்கிறார்: ஒன்று கவனம், இன்னொன்று நிதானம். இசை நேராகப் போய்த் தொடுவதும் இந்த இரண்டையும்தான். அதனால்தான் மார்கழிக் காலையில் பொருந்துகிற பாட்டு சித்திரை மதியத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

இசை ஓட்டுதலை எப்படித் தொடுகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பிராட்ஸ்கி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டுவதைப் போலச் செய்யும் கணினிக் கருவியில் ஆட்களை உட்கார வைத்து, இசையின் தாளவேகத்தை மட்டும் மாற்றினார். நிமிடத்துக்கு 40 முதல் 70 அடி வரை மந்தம், 85 முதல் 110 வரை நடுத்தரம், 120 முதல் 140 வரை துரிதம் என்று மூன்று வகை. தாளம் ஏற ஏற வண்டியின் வேகமும் ஏறியது. துரித இசையில் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், தடம் மாறி ஏறுவதும், மோதுவதும் கூடின. வேகமாகப் போ என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. காதில் விழுந்த தாளத்துக்குக் கால் ஒத்துப் போனது, அவ்வளவுதான். நம் ஊரில் பறையும் தவிலும் கேட்டவுடன் கால் தானாக அசைவதை அறிந்த நமக்கு இதில் வியப்பு இருக்க முடியாது. திருவிழாவில் தாளத்துக்கு அசையும் கால் தரையில் இருக்கிறது. காரில் அதே கால் ஆக்சிலேட்டர் மேல் இருக்கிறது.

அதே பிராட்ஸ்கி 2013இல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. இந்த முறை கணினிக் கருவி இல்லை. நிஜமான சாலை, நிஜமான கார், பக்கத்தில் ஒரு பயிற்றுநர். ஓட்டப் பழகி அதிக நாள் ஆகாத 85 இளைஞர்கள் ஓட்டினார்கள். சில சவாரிகளில் தாங்களே விரும்பிக் கொண்டுவந்த பாட்டு, சிலவற்றில் ஓட்டுவதற்கென்றே இசையமைக்கப்பட்ட மிதமான பின்னணி இசை, சிலவற்றில் இசையே இல்லை. தங்கள் விருப்பப் பாட்டைக் கேட்டு ஓட்டியபோதுதான் பிழைகள் அதிகம். அதே சமயம், அவர்களுக்கு மனநிலை மிக உற்சாகமாக இருந்ததும் அப்போதுதான். மிதமான பின்னணி இசையில் பிழைகள் குறைந்தன. உற்சாகமாக இருப்பதை நன்றாக ஓட்டுவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம். "இத்தனை வருஷமா குத்துப்பாட்டு போட்டுத்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்களுக்கும் என் பதில் இதுதான். ஒன்றும் ஆகாததற்குக் காரணம் நம் ஓட்டும் திறமையாக இருக்கலாம். எதிரே வந்தவர் சுதாரித்ததாகவும் இருக்கலாம். ஓட்டுபவரின் சொந்த உணர்வை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஸ்வீடன், இஸ்ரேல், அமெரிக்கா என்று எங்கோ நடந்த ஆய்வுகளை விழுப்புரத்துக்கும் விருதுநகருக்கும் எப்படிப் பொருத்துவது? அவர்கள் கேட்ட இசை வேறு, சாலை வேறு, பழக்கம் வேறு. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை சதவீதம், இத்தனை அடி என்ற எண்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் சாலை வேறு என்ற வாதம் என் பக்கம்தான் பேசுகிறது. நம் நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், தடுப்புச் சுவரின் இடைவெளியில் ஆடு கடக்கும், இண்டிகேட்டர் போடாமல் லாரி வலது தடத்துக்கு வரும், ஊருக்கு ஊர் பாலத்தடியில் கூட்டம் குறுக்கே நடக்கும். ஸ்வீடன்காரருக்குத் தேவைப்படுவதைவிட நமக்குத்தான் அதிகக் கவனம் தேவை. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே அதிகம் நம் மாநிலத்தில்தான். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் நடந்த விபத்துகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. பாட்டுதான் இவற்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டும் சின்னக் காரணம் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில், காசு செலவில்லாமல் மாற்றக்கூடியதாக இருக்கும்போது, அதை ஏன் மாற்றக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.

அப்படியென்றால் பாட்டே வேண்டாமே, அணைத்துவிட்டு ஓட்டலாமே என்று அடுத்த கேள்வி வரும். அதுவும் சரியல்ல. கனடாவின் டொராண்டோவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் நெரிசலில் ஓட்டுபவர்களைக் கவனித்தது. தாங்கள் தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டவர்களுக்கு, இசை இல்லாதவர்களைவிட மன அழுத்தம் குறைவாக இருந்தது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் அய்ச்சா பெர்ஃபு உனால் செய்த ஆய்வுகளில், சலிப்பூட்டும் ஒரே மாதிரியான சாலையில் இசை ஓட்டுதலைக் கெடுக்கவில்லை. மந்தமாகிப் போகும் மனதைக் கொஞ்சம் விழிப்போடு வைத்தது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து திருச்சி, மதுரையிலிருந்து திருநெல்வேலி என்று நீண்டு கிடக்கும் சாலைகளில் இரண்டு பக்கமும் பொட்டலாக, முன்னே கானல் நெளிந்துகொண்டிருக்கும் நேரத்தில், முழு மௌனம் மனதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே இசை துணை. மேலே சொன்ன ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. சாலை நம்மிடம் அதிகம் கேட்கும் இடத்தில் இசை குறைவாகக் கேட்க வேண்டும். சாலை ஒன்றும் கேட்காத இடத்தில் இசை கொஞ்சம் கேட்கலாம். வெயில் என்பது சாலையோடு சேர்ந்து நம்மிடம் கேட்கும் மூன்றாம் ஆள். அதனால் கோடையில் இசைக்கு ஒதுக்கக்கூடிய பங்கு மற்ற மாதங்களைவிடச் சின்னதாகவே இருக்கும்.

"மெலடி போட்டா தூக்கம் வந்துடும், அதான் அதிரடியா போடறோம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும், உண்மையிலேயே வலுவான மறுப்பு. கோடைக்கு இது இன்னும் பொருந்தும். வெயிலுக்குப் பயந்து நாம் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்புகிறோம். முதல் நாள் இரவு மூட்டை கட்டியதில் தூக்கம் பாதி போயிருக்கும். சூரியனிடமிருந்து தப்பித்து, உடம்பு ஆழ்ந்து தூங்க விரும்பும் நேரத்தில் போய் மாட்டிக்கொள்கிறோம். அதைத் தாண்டி வந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி முதல் நான்கு மணி வரை இன்னொரு சரிவு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் இருவரும் தூக்கத்தால் நடக்கும் விபத்துகளை ஆராய்ந்தபோது, அவை உச்சம் தொட்ட நேரங்கள் நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி, காலை ஆறு மணி, மாலை நான்கு மணி ஆகியவற்றை ஒட்டியே இருந்தன. 1998இல் அவர்கள் இன்னொன்றையும் சோதித்தார்கள். தூக்கம் குறைந்த ஓட்டுநர்களுக்கு முகத்தில் குளிர்காற்று, அல்லது வானொலி. இரண்டும் அதிகம் உதவவில்லை. வானொலிக்கு முதல் அரை மணி நேரத்தில் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நிறுத்த ஓர் இடம் தேடும் வரைக்கும் வேண்டுமானால் இவை கைகொடுக்கும் என்பதே அவர்கள் முடிவு. பலன் தந்தவை ஒரு குட்டித் தூக்கமும் காபியும்தான்.

ஆகவே அதிரடிப் பாட்டு தூக்கத்தைத் துரத்துகிறது என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். அது தூக்கம் வருகிறது என்ற உணர்வைத்தான் மறைக்கிறது. கண் இமை விழும் நொடியைத் தடுப்பதில்லை. தூக்கத்தோடு வேகமும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது. கண் சொருகுகிறது என்றால் அது பாட்டை மாற்றுவதற்கான நேரம் இல்லை, வண்டியை ஓரம் கட்டுவதற்கான நேரம். ஐந்து பேர் அடைந்து உட்கார்ந்து, ஏசியை மணிக்கணக்கில் உள்காற்றிலேயே சுழல விட்டால் காருக்குள் கரியமில வாயு கூடும். மந்தம் அதனாலும் வரும். அவ்வப்போது வெளிக்காற்றைத் திறந்துவிட்டால், எந்தப் பாட்டும் செய்யாத உதவியை அது செய்யும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதிரடிக்கு மாற்று தாலாட்டு இல்லை. நீலாம்பரியைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மந்தத்துக்கும் துரிதத்துக்கும் நடுவே மிகப் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. தமிழ் இசையின் நல்ல பகுதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நடுப்பரப்பில் எதை எடுப்பது? நான் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். முதலாவது தாளவேகம். பாட்டை ஓடவிட்டுப் பதினைந்து விநாடிக்குத் தாளம் போட்டு எண்ணுங்கள், நான்கால் பெருக்குங்கள். 85க்கும் 110க்கும் இடையே வந்தால் நெடுஞ்சாலைக்கு ஏற்றது. பல குத்துப்பாட்டுகளை இப்படி எண்ணினால் 120ஐத் தாண்டிவிடும். இரண்டாவது பழக்கம். அன்று காலையில் வெளியான புதுப் பாட்டை முதன்முதலில் கேட்கும்போது மனம் அதன் பின்னாலேயே போகும். வரியைப் பிடிக்கப் பார்க்கும், இது யார் குரல் என்று யோசிக்கும். நூறு முறை கேட்ட பாட்டு அந்த வேலையைக் கொடுப்பதில்லை. புதுப் பாட்டுகளை வீட்டில் கேளுங்கள், பழகியதைச் சாலையில் கேளுங்கள். மூன்றாவது ஒலியின் ஏற்ற இறக்கம். கோடையில் ஏசி மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். மெல்லிய தொடக்கம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போக, ஓட்டுபவர் ஒலியைக் கூட்டுவார். பிறகு டிரம்ஸ் வந்து இறங்கும்போது திடுக்கிட்டுக் குறைக்கக் கையை நீட்டுவார். இரண்டு முறையும் கவனம் சாலையிலிருந்து விலகுகிறது. நான்காவது சொல். கதை சொல்லும் பாட்டு, வாதம் செய்யும் ராப், பட்டிமன்றம், பாட்காஸ்ட் எல்லாம் மொழியைப் பின்தொடரச் சொல்பவை. வாத்திய இசையும், சொல் மனதில் ஏற்கெனவே படிந்துவிட்ட பழைய பாட்டுகளும் அதைக் கேட்பதில்லை.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், மொஃபசல் பஸ் ஓட்டுநர்கள் பல பத்தாண்டுகளாக ஏன் எண்பதுகளின் இளையராஜாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரியும். ஏக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று அந்தப் பாட்டுகளுக்கு நிலையான கட்டுமானம் உண்டு. அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியும். தபேலாவோ டிரம்ஸோ பெரும்பாலும் பாட்டு முழுவதும் ஒரே நடையில் போகும். அதே நேரத்தில் இடையிசையில் வயலின்களும் புல்லாங்குழலும் புதிதாக ஏதாவது செய்து, சலிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும். சீராகவும் இருக்க வேண்டும், அலுக்கவும் கூடாது என்ற முரணான தேவையை அந்தப் பாட்டுகள் நிறைவேற்றுகின்றன. எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துப் பதிவுகளில் குரல் முன்னால் நிற்கும். ஏசி இரைச்சலைத் தாண்டி, ஒலியைக் கூட்டாமலே கேட்கும். சொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 1988இல் இளையராஜா தந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பின் பல பகுதிகள் பொருந்தும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த 'ஹவ் டு நேம் இட்' மகத்தான தொகுப்புதான்; ஆனால் கர்நாடக இசையும் மேற்கத்திய இசைமேதை பாக்கின் இசையும் பின்னிக்கொள்ளும் அதன் இழைகளைக் காது துரத்திக்கொண்டே போகும். அதை வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மெல்லத் தொடங்கி அடுக்கடுக்காக ஏறி உச்சத்தில் வெடிக்கும் பிற்காலப் பாட்டுகள் பலவற்றுக்கும் இதையே சொல்வேன். நல்ல பாட்டு என்பது வேறு, ஓட்டும்போது நல்ல பாட்டு என்பது வேறு.

கர்நாடக இசை ரசிகர்களும் இங்கே கவனிக்க வேண்டியது உண்டு. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை ஒரு மனிதனின் முழுக் கவனத்தையும் கேட்கும். தாளமில்லாமல் விரியும் ஆலாபனை அடுத்து எங்கே போகும் என்று மனம் அதோடு சேர்ந்து அலையும். தனி ஆவர்த்தனத்தில் கணக்குப் போடாமல் இருக்க நல்ல ரசிகரால் முடியாது. இந்த இரண்டையும் ஓட்டும்போது தள்ளிவைப்பதே அந்த இசைக்குச் செய்யும் மரியாதை. அதே நாதஸ்வரத்தில் மல்லாரி இருக்கிறது. சுவாமி புறப்பாட்டின்போது, திறந்த வெளியில், நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்காகவே வாசிக்கப்படுவது. நடையோடு பிறந்த இசை அது. கச்சேரியின் வரிசையிலும் நமக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியதாகச் சொல்லப்படும் பத்ததியில் வர்ணத்தோடு சுறுசுறுப்பாகத் தொடங்கி, சின்னக் கிருதிகளில் சூடேறி, நடுவே கனமான உருப்படியை வைத்து, துக்கடாக்களோடு இறங்குவார்கள். கேட்பவரின் கவனம் எப்போது கூடும், எப்போது தளரும் என்ற கணக்கின் மேல் எழுந்த வரிசை அது. பயணத்துக்கான பட்டியலும் அப்படித்தான் அமைய வேண்டும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' பொத்தான் இந்தக் கணக்கைத்தான் அழிக்கிறது.

பாட்டுக்கெல்லாமா கணக்குப் போடுவது, அதில் என்ன ரசனை இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ் மரபே பதில் சொல்லும். தொல்காப்பியம் பாலைக்கு வகுத்த பொழுது வேனிலும் நண்பகலும். அந்தத் திணையின் பொருளே பிரிந்து செல்வது. வெயிலில் வழி நடப்பது. அந்த நிலத்துக்கென்று தனியாகப் பறையும் யாழும் வைத்தார்கள். கோடைப் பயணத்துக்குத் தனி இசை உண்டு என்பது நம்முடைய பழைய எண்ணம். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாலை யாழின் சிறப்பைச் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வழிப்பறி செய்யும் கள்வர்களே கையிலிருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, அருளுக்கு மாறிவிடும்படி செய்யும் இசை அது என்கிறார். கொளுத்தும் வழியில் இசையிடம் அந்தக் கவிஞர் எதிர்பார்த்தது வெறி தணிவதை. ஃபீனிக்ஸில் ஹாரனை எண்ணியவர்களும், டொராண்டோவில் நெரிசலில் நின்றவர்களை ஆராய்ந்தவர்களும் வேறு பாதையில் வந்து சேர்ந்ததும் அதற்குப் பக்கத்தில்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். வெயிலில் நின்ற காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெப்பம் வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 22 டிகிரி கூடிவிடும் என்று 2005இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே சாப்பிட்டுவிட்டு வந்து ஏறும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம், கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, ஏசி பிடிக்கும் வரை பாட்டே வேண்டாம். உடம்பு தவிக்கும் நேரத்தில் காதுக்கு வேலை கொடுக்காதீர்கள். ஊருக்குள், பைபாஸ் ஏறும் வரை மெலிதான வாத்திய இசை போதும். நான்குவழிச் சாலையில் வண்டி சீராகப் போகத் தொடங்கியதும் பழகிய நடுத்தர வேகப் பாட்டுகளை வரிசையாக ஓடவிடலாம். சலிப்பு தட்டும் நீண்ட பகுதிகளுக்குச் சற்றே துள்ளலான பத்துப் பன்னிரண்டு பாட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட் வரிசைக்கும் ஊர் நெரிசலுக்கும் மிகவும் பிடித்த மெலடி. பொறுமைக்கு அதுதான் மருந்து. தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போதும், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் பாட்டை நிறுத்திவிடுங்கள். அங்கே எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன்தான் நாம் கேட்க வேண்டிய ஒலி. மலையில் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் அந்தக் காற்றே போதும்.

இவை எல்லாவற்றையும் ஓடும் வண்டியில் செய்ய முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 55 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதாக அர்த்தம். ஓட்டும்போது கையில் செல்போனைப் பிடித்துப் பயன்படுத்துவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே வருகிறது. எனவே முதல் நாள் இரவே பட்டியலைத் தயார் செய்து, சிக்னல் இல்லாத இடங்களுக்காகப் போனில் இறக்கி வைத்து, வழியில் மாற்றும் பொறுப்பைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தங்கள் பாட்டைக் கேட்பார்கள். பின் இருக்கையில் பெரியவர்கள் பக்திப்பாடல் கேட்பார்கள். எல்லோருக்கும் முறை வைக்கலாம். குழந்தைகளின் துள்ளல் பாட்டுக்கு நான்குவழிச் சாலையின் காலியான பகுதிகளை ஒதுக்கலாம். ஆனால் ஒலியின் அளவும், இப்போது நிறுத்து என்று சொல்லும் உரிமையும் ஓட்டுபவருடையவை. ஓட்டுபவர் பாட்டை நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது என்ற வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் பயணத்தின் குதூகலம் போய்விடாதா? போகாது என்பதே என் உறுதியான எண்ணம். கண்டபடி கலைந்து ஓடும் பட்டியலில் பாட்டுகள் வந்து போகும், எதுவும் நிற்காது. பார்த்துப் பார்த்துக் கோத்த வரிசையில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்குரிய சாலையும் நேரமும் கிடைக்கிறது. காருக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கேட்க வாய்க்கும் ஆறு மணி நேரம் இன்றைய வீடுகளில் அபூர்வம். அதை யாரோ போட்ட பட்டியலிடம் விட்டுவிடாதீர்கள். இந்தக் கோடையில் கிளம்புவதற்கு முன் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஆளுக்குப் பத்துப் பாட்டு சொல்லி, தாளம் போட்டு எண்ணிப் பார்த்து, வழிக்கேற்றபடி வரிசைப்படுத்துங்கள். ஓட்டுபவருக்குக் கண் சொருகினால் பாட்டை மாற்றாதீர்கள். நிழலாக ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, கால் மணி நேரம் தூங்க விடுங்கள். மீதிப் பாட்டை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.